நாகூர் வண்டியின் பதினாறு தாள்கள்

ராயபுரத்திலிருந்து நாகூருக்கு ஒரு பாசஞ்சர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும். எழும்பூர், தாம்பரம், விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று போகும். நடுவில் இருக்கும் சின்ன நிலையங்கள் ஒன்றையும் விடாது. பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டு மறுபடி நகரும். நாகூர் சேரச் சாயங்காலம் ஐந்து ஆகிவிடும். மறுநாள் அதே பெட்டிகள் அதே வேகத்தில் திரும்பி வரும். பெட்டிகள் பன்னிரண்டு. முன்பதிவு கிடையாது. கிளம்புகிற நேரத்துக்குப் போய் டிக்கெட் எடுத்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதா கோயில் தெருக்காரர்கள் அதை மாதா வண்டி என்பார்கள், நாகப்பட்டினத்தில் இறங்கி வேளாங்கண்ணிக்குப் பஸ் பிடிப்பதால். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை முஸ்லிம்களுக்கு அது தர்கா வண்டி. அவர்கள் கடைசி வரை போவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லா வண்டியோடும் சேர்ந்து இதுவும் நின்றது. மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இது வரவில்லை.

அந்த வண்டியில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் ஹென்றி. ராயபுரத்திலேயே பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். ஹென்றி இருபத்திரண்டு வயதில் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பெட்டிகளுக்கு அடியில் படுத்து கிரீஸ் அப்பி, இலாகா பரீட்சை எழுதி, கறுப்புக் கோட்டுக்கு வந்தார். ஆளை எண்ணுவதில் அவருக்கு ஒரு பழக்கம் கைவந்திருந்தது. பெட்டியின் ஒரு கோடியில் ஏறி மறுகோடியில் இறங்குவதற்குள் மனசுக்குள் ஓர் எண் நிற்கும். விரல் நீட்டமாட்டார், வாய் அசையாது. வேறொருவர் உட்கார்ந்து எண்ணினால் இரண்டோ மூன்றோதான் வித்தியாசம் வரும். அவர் எழுதின அறிக்கையை மேலே யாரும் திருப்பி அனுப்பியது இல்லை. "ஹென்றி எய்தினா அப்படியே கையெயுத்து போட்டுடலாம்" என்று ஆபீசில் சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமை உண்டு.

2019 நவம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். நான்கு மாதம் கழித்து வண்டி நின்றது.

வண்டியைத் திரும்பக் கேட்டு முதலில் கிளம்பியவர் பஷீர். கல்மண்டபத்தில் மீன்பிடி போட்டுகளுக்கு நைலான் கயிறும் மிதவையும் விற்கும் கடை அவருடையது. ஹென்றிக்குச் சின்ன வயசு தோஸ்து. பஷீரின் அக்கா ரஹீமுன்னிசாவுக்கு ஒரே மகள், நாகூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை அந்த வண்டியில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவது அக்காவின் வழக்கம். வண்டி நின்ற பிறகு பஸ்ஸில் முயன்றார். பஸ் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. முதல் தடவை திண்டிவனத்தில் இறங்கித் திரும்பினார், இரண்டாம் தடவை கடலூரில். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று வயசாகிறது. அந்தப் பேத்தி பாட்டியை போனில்தான் பார்த்திருக்கிறாள்.

மனு எழுத வேண்டும் என்று பஷீர் ஹென்றியிடம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ரயில்வேயின் பாஷை தெரிந்தவர் அவர்தான். நான்கு வருஷத்தில் ஏழு மனு எழுதினார். ஒவ்வொன்றிலும் பஷீர் விடாப்பிடியாக ஒரு வரி சேர்க்கச் சொல்வார்.

"எங்க வண்டியில யாரும் ஏறி எண்ணிப் பாக்கவே இல்லைன்னு எய்து மாமு. எண்ணியிருந்தா நிறுத்துவானா?"

"அது வேணாம் பஷீரு. ஆதாரம் கேப்பாங்க."

"ஆதாரமா? நாமதான் ஆதாரம். எய்து."

ஹென்றி மூன்றாவது மனுவில் அந்த வரியை விட்டுவிட்டுப் படித்துக்காட்டினார். பஷீர் கண்டுபிடித்துவிட்டார். ஐந்தாவதில் அதைப் பூசி மெழுகி, "முறையாக எண்ணப்பட்டதாகத் தெரியவில்லை" என்று மாற்றினார். "இன்னா மாமு, அவனுக்கு வக்காலத்து வாங்கறியா?" என்று பஷீர் சிரித்துக்கொண்டே பழைய வரியைத் திரும்பப் போடவைத்தார். ஹென்றியும் சிரித்தார். அழகான கையெழுத்தில் அந்த வரியை எழுதிக் கீழே ஊர்க்காரர்களின் கையெழுத்தை வாங்கினார்.

இந்த வருஷம் ஜூலையில் பஷீரின் மகள் மெஹ்னாஸ், சட்டக்கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிப்பவள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு பதில் வாங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடையில் கயிற்றுச் சுருள்களை ஒதுக்கிவிட்டு, வந்த தாள்களைப் பரப்பினாள். அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹென்றி அப்போதுதான் உள்ளே வந்தார்.

"அங்கிள், எண்ணியிருக்காங்க" என்றாள் மெஹ்னாஸ். "2019 ஆகஸ்ட் இருபத்தஞ்சுலேர்ந்து செப்டம்பர் ஒம்பது வரைக்கும். எட்டு தடவை போனது, எட்டு தடவை வந்தது. பதினாறு தாள். பெட்டிவாரியா. சராசரி மூணுல ஒரு பங்கு கூட்டம்னு வருது. அதை வெச்சுதான் முடிவு எடுத்திருக்காங்க."

பஷீருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப எண்ணியிருக்கானா?"

"எங்க எண்ணினான் அத்தா? இங்க பாருங்க." இரண்டு தாள்களை அருகருகே வைத்தாள். "இருபத்தஞ்சாந் தேதி போனது. முதல் பெட்டி இருபத்திரெண்டு, ரெண்டாவது முப்பத்தொண்ணு, மூணாவது பத்தொம்பது. இது இருபத்தேழாந் தேதி. இருபத்திமூணு, முப்பது, பத்தொம்பது. இது இருபத்தொம்பது. இருபத்திரெண்டு, முப்பத்திரெண்டு, இருவது. ஒண்ணு ரெண்டு மாத்தி மாத்திப் போட்டிருக்கான். ஒக்காந்த எடத்துல எழுதினது."

எழுதியவர் பெயரும் கையெழுத்தும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. எண்கள் மறைக்கப்படவில்லை. ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. ஒன்பதின் வால் நேராக. ஹென்றி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"யார்றா இந்த மவராசன்" என்றார் பஷீர். அவருக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "ஏசி ரூமுல ஒக்காந்து டீ குடிச்சிகினே நம்ம வண்டிய எய்தி மூடிட்டான் பாரு. கைய்ல கெடச்சான்னா மிதவையில கட்டி காசிமேட்டுக்கு அந்தாண்ட வுட்டுடுவேன்."

"போவட்டும் வுடு" என்றார் ரஹீமுன்னிசா. "அவனுக்கு இன்னா கஷ்டமோ. வூட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்."

ஹென்றியால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் லாரி வரும் நேரம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அக்கா சொன்னது கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. ஹென்றியின் மகள் மெர்லினுக்கு இரண்டு கரு கலைந்து, அந்த வருஷம் மூன்றாவது தங்கி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஹென்றி வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வருஷாவருஷம் போகும் கூட்டம் உண்டு. காவி உடுத்தி, மாதா சொரூபத்தைச் சின்ன வண்டியில் தள்ளிக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினால் செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழாவுக்கு முன்னால் போய்ச் சேரும். போகும்போது நடை. வரும்போது எல்லாரும் நாகூர் வண்டி. இது பல வருஷ வழக்கம்.

ஆட்களை எண்ணும் உத்தரவு ஆகஸ்ட் நடுவில் வந்தது. எண்ணும் பொறுப்பு ஹென்றிக்கு. அதைக் காட்டி அவருக்கு லீவு மறுக்கப்பட்டது. கூட்டம் இருபத்தேழாம் தேதி விடியற்காலை கிளம்புவதாக இருந்தது. ஹென்றி இருபத்தைந்தாம் தேதி வண்டியில் போனார். இருபத்தாறாம் தேதி திரும்பினார். இரண்டு நாளும் பெட்டி பெட்டியாக, செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு தடவை, மயிலாடுதுறைக்கு முன்னால் ஒரு தடவை, முறைப்படி எண்ணினார். அந்த இரண்டு தாள்களும் சுத்தமான கணக்கு. திரும்பும் வண்டி தாம்பரத்தில் எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி நின்றிருந்தபோது, மிச்சம் பதினான்கு தாள்களையும் மடியில் வைத்து எழுதி முடித்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உடன் வேலை பார்த்த வில்சனிடம் கொடுத்தார்.

"காலு சுளுக்குன்னு சிக் லீவு போட்டுட்டேன் வில்சா. என் முறைய நீ பாத்துக்கோ. எண்றதுக்கு நீ கஷ்டப்பட வேணாம், எய்தி வெச்சிட்டேன். பத்தாந்தேதி ஆபீசுல குடுத்துடு."

"அண்ணே, மவராசனா போய்ட்டு வா. எனக்கும் சேத்து ஒரு மெயுகுவத்தி ஏத்து" என்றார் வில்சன்.

அவர் மறந்துபோனது ஒன்றுதான். அதை ராயபுரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். திருவிழாவுக்கு முந்தைய அந்த இரண்டு வாரமும் வண்டி காலியாகத்தான் ஓடும். அதில் போக வேண்டியவர்களில் பாதிப்பேர் நடைக்குத் தயாராகிக்கொண்டோ ரோட்டில் நடந்துகொண்டோ இருப்பார்கள், மீதிப்பேர் திருவிழாவுக்கு முதல் நாள்தான் ஏறுவார்கள். ஒருவரும் முன்னாலேயே திரும்பமாட்டார்கள். எட்டாம் தேதி முடிந்ததும் வண்டி பிதுங்கும். இதைப் பத்தொன்பது வருஷம் கண்ணால் பார்த்தவர், காலியாக ஓடிய முதல் இரண்டு நாளை எடுத்து மிச்சம் எல்லா நாளுக்கும் போட்டுவிட்டார்.

பதினொரு நாள் நடந்தார். நான்காம் நாள் உள்ளங்கால் வெடித்தது. ஏழாம் நாளுக்கு மேல் வலி மரத்துப்போனது. ஒன்பதாம் தேதி காலை நாகப்பட்டினத்தில் கூட்டத்தோடு ஏறியபோது உட்கார இடமில்லை. கழிவறைக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். நடைக்கூட்டத்தின் தலைவி, மீன் விற்கும் சிலுவையம்மாள், அவர் முழங்கால்மேல் தன் பையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா, டி.டி.ஆர் தரையில ஒக்காந்துகினு கீற? டிக்கெட்டு வெச்சிக்கீறியா?" என்றாள். பெட்டியே சிரித்தது.

பழக்கம் போகுமா? அவர் மனசு எண்ணியது. தொண்ணூறு பேர் உட்காரும் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு. அதே தேதிக்கு, அதே பெட்டிக்கு, வில்சனின் பையில் இருந்த தாளில் அவர் எழுதியிருந்தது இருபத்தொன்பது. அது அவருக்கு அப்போதே ஞாபகம் வந்தது. சிரிப்புகூட வந்தது.

சாயங்காலம் ராயபுரத்தில் இறங்கியதும் அதே வண்டியில் முறை பார்த்து வந்த வில்சன் நடைமேடையில் பிடித்தார். "அண்ணே, நெறைய கூட்டம் வந்துட்சே. கடைசித் தாள மட்டும் மாத்திடலாமா? வெள்ளத் தாளு கீது எங்கிட்ட." ஹென்றி வலிக்கிற காலை ஒரு தூணில் முட்டுக்கொடுத்துக்கொண்டு சொன்னார்: "வுடுடா. ஒரு தாளுல இன்னா ஆவப்போவுது."

நவம்பரில் மெர்லினுக்குப் பையன் பிறந்தான். மாதா கேட்டுவிட்டாள் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். வண்டி நின்ற பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஹென்றி எழுந்து வேறு வேலை பார்க்கப் போனார்.

கடையிலிருந்து வந்த அன்றைக்கு மனைவி ஜூடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜூடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"யாருக்காவது தெரியுமா?"

"வில்சன் போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆவுது."

"அப்ப வாய மூடிக்கோ. நீ கொழந்தைக்காக நடந்த. குடிக்கப் போனியா, ஆடப் போனியா? ஆயிரம் வண்டிய நிறுத்தினாங்க, அதுல இதுவும் ஒண்ணு. நீ எண்ணியிருந்தாலும் நிறுத்தியிருப்பாங்க."

"இருக்கலாம். அதான் தெரியாதே ஜூடி. இனிமே யாராலயும் தெரிஞ்சிக்க முடியாது."

"ஊரெல்லாம் உன்ன ஆபீசர் மாதிரி பாக்குது. நாளிக்கு பஷீரு அக்கா, அந்தக் கெயவி மூஞ்சில எப்படி முய்ப்ப?"

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். ரயில்வே ஆபீசில் குறைகேட்பு நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு எட்டாவது மனு எழுத வேண்டும். தாள்கள் பொய் என்று பஷீர் சொல்வார். எல்லா நாளும் ஒரே அளவு கூட்டம் வந்திருக்கக்கூடாதா என்று அங்கே கேட்பார்கள். பொய்தான் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்காவிட்டால் மனு அங்கேயே முடிந்துவிடும். திறந்தால் ராயபுரத்தில் அவர் பெயர் முடிந்துவிடும். இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மனுவோடு கடைக்குப் போனார். பஷீரும் அக்காவும் மெஹ்னாஸும் இருந்தார்கள். ஒரு போட்டுக்காரர் கயிறு அளந்துகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று ஹென்றி காத்திருந்தார். அவர் போகிற மாதிரி தெரியவில்லை. உட்காராமலே படிக்க ஆரம்பித்தார்.

"மேற்படி வண்டியில் 2019 ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 9 வரை ஆட்களை எண்ணும் பணியைச் செய்தவன் கீழே கையொப்பமிட்டுள்ள நான். பதினாறு தாள்களில் முதல் இரண்டு மட்டுமே உண்மை. மற்ற பதினான்கை நான் எண்ணாமல் எழுதினேன். கடைசி நாளன்று உண்மையான கூட்டத்தைப் பார்த்தும் திருத்தவில்லை..."

"நிறுத்து" என்றார் பஷீர். "இன்னா மாமு இது? யாரு பேர்ல எய்திக்கீற?"

"என் பேர்ல. நான்தான்."

"வெளாடாத."

"நான்தான் பஷீரு. அந்த ஏழப் பாரு. அந்த ஒம்பதப் பாரு."

மெஹ்னாஸ் தாள்களை எடுத்தாள். மனுவில் இருந்த தேதிகளோடு ஒப்பிட்டாள். அப்பாவிடம் நீட்டினாள். பஷீர் வாங்கவில்லை. கயிறு அளந்தவர் அளவை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏயு மனு" என்றார் பஷீர். குரல் உயரவில்லை. "ஏயுலயும் யாரும் எண்ணலைன்னு நான் சொல்றேன். நீ எய்தற. எங்க அக்கா மொத கையெயுத்து போடுது. நீ அத வாங்கி மடிச்சி வெச்சிக்கற. எப்படிறா முடிஞ்சுது உனுக்கு?"

மெர்லினைப் பற்றிச் சொல்லலாம் என்று ஹென்றிக்கு ஒரு கணம் தோன்றியது. குழந்தையை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அக்கா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நேற்று வரை தம்பி தம்பி என்று பேசியவர். "மனுவக் குடு" என்றார். வாங்கி, தடவித் தடவித் தன் கையெழுத்தைப் போட்டார். ஹென்றியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஹென்றிக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பஷீர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை. ஹென்றியை உட்காரச் சொல்லி, யோசித்து எழுதினீர்களா என்று கேட்டார். இதனால் விசாரணை வரக்கூடும் என்றார். வரட்டும் என்றார் ஹென்றி.

"அப்ப அந்தக் கணக்கு செல்லாதுல்ல? திரும்ப எண்ணுங்க சார்" என்றாள் மெஹ்னாஸ்.

அதிகாரி மனுவின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எண்ணணும்னா வண்டி ஓடணுமேம்மா. ஓடாத வண்டியில எப்படி ஆள் எண்ணுவாங்க? மேல அனுப்பறேன். பாப்போம்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. ரஹீமுன்னிசாதான் முதலில் பேசினார், ரோட்டைப் பார்த்தபடியே.

"ஹென்றி. என்ன நாகூருக்கு இட்டுகினு போ."

"அக்கா, பஸ்ஸு உங்களுக்கு..."

"தெரியும். பஸ்ஸுலதான் போவணும். நீ பக்கத்துல ஒக்காரு. நான் வாந்தியெடுத்தா பை புடி. எறங்கிடறேன்னு சொன்னா வுடாத."

"அக்கா, வேணாம். நானே கூட்டிகினு போறேன்" என்றார் பஷீர்.

"நீ மூணு தடவ சொன்ன, கடைய மூட முடியாதுன்னு. இவன் வருவான். வர்லன்னு சொல்லமாட்டான்." அப்போதுதான் ஹென்றியின் முகத்தைப் பார்த்தார். "சொல்லுவியா?"

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை காலையில் போனார்கள். ஹென்றி எலுமிச்சையும் பிளாஸ்டிக் பைகளும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டார். திண்டிவனத்துக்கு முன்னாலேயே முதல் பை நிறைந்தது. கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். பின்னால் இருந்தவர்கள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். கடலூரில் அக்கா எழுந்துவிட்டார். "முடியல, எறங்கிடறேன்" என்றார். ஹென்றி அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். அறுபத்தெட்டு வயசுப் பெண்ணை ஒரு வேற்று ஆள் கையைப் பிடித்து இழுப்பதைப் பஸ்ஸே பார்த்தது. அக்கா அழுதார். சிதம்பரம் தாண்டித் தூங்கிவிட்டார். தலை ஹென்றியின் தோளில் விழுந்தது. அவர் நாகப்பட்டினம் வரை அசையவில்லை.

மகள் வாசலில் நின்றிருந்தாள். மூன்று வயசுப் பேத்தி, போனில் இருந்த ஆள் நேரில் வந்துவிட்டதை நம்பாமல் கதவுக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் மடியில் ஏறிவிட்டாள். ஹென்றிக்கு நாற்காலி போட்டு டீயும் இறால் வைத்துச் சுட்ட வாடாவும் கொடுத்தார்கள். மருமகன் விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரிகூட வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"அங்கிள் ரயில்வேயிலதானே இருந்தீங்க?" என்றாள் மகள். "அந்த வண்டிய ஏன் அங்கிள் நிறுத்தினாங்க? அவ்வளவு கூட்டம் போகுமே அதுல."

ஹென்றி அக்காவைப் பார்த்தார். அவருக்காக அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், அல்லது பேச்சை மாற்றிவிடலாம். அக்கா பேத்தியின் தலையை வாரிக்கொண்டிருந்தார். கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. காத்திருந்தார்.

கடையில் ஒரு தடவை, அதிகாரி முன்னால் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, மூன்றாவது தடவைக்கு வாய் பழகியிருக்கும் என்று ஹென்றி நினைத்திருந்தார். பழகவில்லை. கையில் இருந்த டீயைத் தரையில் வைத்தார். வாடாத் தட்டையும் வைத்தார்.

"எண்ணச் சொன்னாங்கம்மா" என்று ஆரம்பித்தார். "எண்ண வேண்டிய ஆளு நான்தான்."